இடைச்சுவர் இல்லாத ஹாலைக் கதகதப்பாக்குவது எப்படி: மலையக வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் வாசல் கதவைத் திறந்தால் ஹால், சாப்பாட்டு மேசை, குசினி மூன்றும் ஒரே பார்வையில் தெரிகின்றன. ஒரு சுவரின் செலவு மிச்சம், வெளிச்சமும் தாராளம். தோட்டத்து லயக் காம்பராவில், அதாவது வரிசையாக ஒட்டிய சிறு அறைகளில், நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பத்துக்கு இந்த விசாலம் பெரிய விஷயம்தான். சிக்கல் முதல் மழைக்காலத்தில்தான் தெரியவரும். ஹால் குளிரும், பேச்சு எதிரொலிக்கும், குசினியில் பொரித்த கருவாட்டின் மணம் மூன்று நாளைக்குத் தலகாணியில் நிற்கும், மூலையில் சுவர் கறுக்கும்.

பலர் உடனே போய் சோபா வாங்குகிறார்கள். மலைநாட்டில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஈரம், காற்று, தரை, வெளிச்சம், அதன்பின் சாமான் என்பதே இங்கே சரியான வரிசை. கொழும்புக் கடைகளின் காட்சியறைகளைப் பார்த்து வீட்டை அலங்கரிப்பவர்கள் மறந்துவிடுவது, அந்த அறைகளில் பனிமூட்டம் இல்லை என்பதைத்தான்.

முதலில் ஒரு கொப்பியும் அளவுநாடாவும்

பிள்ளைகளின் சதுரக் கொப்பியில் ஒரு கட்டத்தை அரை அடியாகக் கொண்டு ஹாலை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல்கள் எங்கே, பிளக் பொயின்ட் எங்கே, சுவிட்ச் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே அளவில் கடதாசியை வெட்டி சாமான்களாக நகர்த்திப் பாருங்கள். மூவர் அமரும் செட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 3 அடி ஆழம் இருக்கும். ஒற்றைக் கதிரைக்கு இரண்டரை முதல் 3 அடி வேண்டும்.

பிறகு நடைபாதையைக் குறியுங்கள். வாசலில் இருந்து குசினிக்கும், படுக்கை அறைகளுக்கும் போகும் வழி 3 அடி அகலம் இருக்க வேண்டும். இரண்டரை அடிக்குக் கீழே போனால் அரிசி மூட்டையோடு யாரும் நடக்க முடியாது. அந்த வழி உட்காரும் இடத்தை ஊடறுத்துப் போகக் கூடாது. செட்டிக்கும் டிவிக்கும் நடுவால் ஆட்கள் போய்வந்தால், எவ்வளவு செலவழித்தாலும் அந்த இடம் பஸ் ஸ்டாண்ட் போலத்தான் இருக்கும்.

கடதாசியில் சரியாக வந்ததும் தரையில் சோக்கட்டியால் அதே வடிவத்தைக் கீறி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். கீறிய செட்டியின் மேல் வீட்டார் நடந்து போகிறார்கள் என்றால் இடம் பிழை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடு போன்ற சிறிய வீடுகளில் மூவர் செட்டியை விட இருவர் செட்டியும் இரண்டு பாரமில்லாத கதிரைகளும் நல்லது. விசேஷ நாளில் கதிரைகளை நகர்த்திவிட்டுப் பாய் விரிக்கலாம்.

ஈரம்: இதைத் தாண்டாமல் பெயின்ட் இல்லை

மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்மேட்டுப் பக்கச் சுவர்தான் பெரும்பாலும் ஈரம் குடிக்கும். அது எவ்வளவு என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் முழுக்க மூடி ஒட்டுங்கள். தரையிலும் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்கோ தரைக்கோ உள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் நீராவி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உள்ளிருந்து வரும் ஈரத்தை உள்ளே பூசும் எதுவும் நிறுத்தாது. வெளியே போய்ப் பாருங்கள். மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? வீட்டுத் தரை வெளி மண்ணை விடக் குறைந்தது 6 அங்குலம் உயரமாக இருக்கிறதா? பின்பக்கக் கானில் இலையும் சேறும் அடைத்து நீர் தேங்குகிறதா? தாங்கு சுவரில் நீர் வடியும் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா? பெரும்பாலும் ஒரு மண்வெட்டியும் ஒரு நாள் வேலையும் போதும். அதைச் செய்யாமல் புட்டி அப்பிப் பெயின்ட் அடித்தால், அடுத்த மழைக்குக் கொப்புளம் கிளம்பி உரியும்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் கரைந்து போய்த் திரும்பப் பூக்கும். கறுப்புப் பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பிளீச்சோடு வினிகரையோ டொய்லட் கழுவும் அமிலத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதைச் சுரண்டவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வீட்டுக்குள் உண்டாகும் நீராவி ஹால்வரை பரவக் காரணம் இடைச்சுவர் இல்லாததுதான். சோற்றுப் பானை, கேத்தல், எரியும் கேஸ் அடுப்பு, எல்லாமே நீராவி விடுகின்றன. அது தடையின்றி ஹாலுக்கு வந்து, குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியிலும் சுவர் மூலையிலும் படிகிறது. சமைக்கும் நேரம் குசினி ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வையுங்கள், அல்லது அடுப்புக்கு மேலே எக்ஸோஸ்ட் ஃபேன் பொருத்துங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவில் பிடியுங்கள். புகை குசினிப் பக்கம் சாய்ந்தால் தாளிப்பு மணமும் அப்படித்தான் வெளியே போகும். ஹாலுக்குள் வந்தால், எந்த ஜன்னலைத் திறந்தால் திசை மாறுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்துக்கும் வடகிழக்குக் காலத்துக்கும் விடை மாறலாம்.

பெயின்ட்: எப்போது, என்ன நிறம்

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை, இந்தப் பக்கங்களில் மே முதல் செப்டம்பர் வரை உட்சுவர் காய்வது கடினம். பெப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை. ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் கணக்குத் தலைகீழ். அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை உலர்ந்த காற்று அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் தொடங்க வேண்டாம். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவருக்குக் குறைந்தது 28 நாள் வேண்டும். மலையில் இன்னும் கூடுதலாக விடுவதே புத்தி.

மூட்டமான நாளின் வெளிச்சம் நீலச் சாயலுடையது. அதில் பளிச் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும். மஞ்சள் அல்லது செம்மை கொஞ்சம் கலந்த வெள்ளை, வெளிர் சந்தனம், காய்ந்த வைக்கோல் நிறம் இவை அந்தக் குளிர்ச்சியை முறிக்கும். திறந்த வீட்டில் குசினிக்கு ஒரு நிறம், ஹாலுக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் இரண்டும் சிறிதாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடித்து, செட்டிக்கு எதிரேயுள்ள சுவருக்கு மட்டும் செங்கல் நிறமோ கடும் பச்சையோ கொடுத்தால் உட்காரும் இடம் தானாகவே பிரிந்து தெரியும். அடுப்பை ஒட்டிய பகுதிக்குத் துடைக்கக் கூடிய பெயின்ட் வேண்டும்.

அளவு: ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி பிடிக்கும். 12 அடிக்கு 9 அடிச் சுவர் என்றால் இரண்டு பூச்சுக்கு இரண்டு லீற்றரும் சொச்சமும். நேரே சுவரில் அடிக்காமல் ஒரு பிரிஸ்டல் போர்ட்டில் அடித்துக் காயவிட்டு, காலை மூட்டத்திலும் நண்பகலிலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வோல்பேப்பர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வெளிச்சுவரில் வேண்டாம். பசைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே தெரிய ஆறு மாதம் ஆகும்.

குளிர் நுழையும் வழிகள்

இரவில் ஈரக் கையைக் கதவடியிலும் ஜன்னல் ஓரத்திலும் பிடித்தால் காற்று எங்கே வருகிறது என்று உடனே தெரியும். கதவடிக்கு பிரஷ் வைத்த அலுமினியப் பட்டி ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். காசு செலவழிக்காமல் செய்ய வேண்டுமானால் கதவின் அகலத்துக்கு 4 அங்குலத் தடிப்பில் ஒரு துணி உருளை தைத்து, கந்தலும் கொஞ்சம் மணலும் அடைத்துக் கதவடியில் கிடத்துங்கள். உமி அடைக்க வேண்டாம், ஈரம் பிடித்து நாறும்.

சீலிங் இல்லாத தகட்டுக் கூரை என்றால் வேறு எதை வாங்குவதற்கும் முன் அந்தப் பணத்தைச் சீலிங்குக்குப் போடுங்கள். அடுப்புச் சூடும் ஆட்களின் சூடும் மேலே போய்த் தகட்டில் தொலைகின்றன. விடியற்காலையில் தகட்டின் உட்பக்கம் கோத்த நீர் சொட்டும். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. பிவிசி சீலிங் ஈரத்தைத் தாங்கும். ஜிப்சம் போர்ட் பார்வைக்கு அழகு, ஆனால் கூரை ஒழுகினால் தொய்ந்துவிடும். எதுவானாலும் அதன் மேல் வெள்ளிப் பூச்சுள்ள ஃபோம் விரிப்பைப் போடச் சொல்லுங்கள். சீலிங் அடித்தபிறகு ஏறிப் போடுவது இரட்டை வேலை.

திரைச்சீலையில்தான் பலர் துணியை மிச்சம்பிடித்து அழகைக் கெடுக்கிறார்கள். ஜன்னலுக்கு மட்டும் மறைப்பாக, சட்டத்தின் அகலத்துக்கே தைத்த சீலை குளிரையும் தடுக்காது, ஹாலையும் சிறிதாக்கும். கம்பியை ஜன்னலுக்கு 6 அங்குலம் மேலேயும் இரு பக்கமும் 9 அங்குலம் கூடுதலாகவும் பொருத்துங்கள். சீலை தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு. 4 அடி ஜன்னலுக்குக் கம்பி ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். துணி 132 அங்குலம். 45 அங்குல அகலத் துணியானால் மூன்று துண்டு வரும். கம்பியில் இருந்து தரைக்கு ஏழரை அடி என்றால் மடிப்புக்கும் சேர்த்துத் துண்டுக்கு 100 அங்குலம். மொத்தம் 300 அங்குலம், 8 மீற்றர் வாங்கினால் சரி. பருத்தி என்றால் தைக்க முன் ஒருமுறை அலசிச் சுருங்கவிடுங்கள். பின்னால் ஒரு லைனிங் துணி வைத்துத் தைத்தால் குளிர் தடுப்பு நன்றாகக் கூடும். சீலை கண்ணாடியைத் தொடாமல் 3 அங்குலமாவது தள்ளி விழ வேண்டும், தொட்டால் காலையில் அடிப்பக்கம் நனைந்து கறுப்புப் புள்ளி விழும். வெயில் இருக்கும்போது முழுக்கத் திறந்து வையுங்கள். பல மாதங்களில் வெயில் காலையில்தான், பிற்பகலில் மூட்டம் இறங்கிவிடும். ஆகவே காலை வெயில் விழும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரும் இடத்தை அமைப்பவர்கள் புத்திசாலிகள்.

ஹீட்டர் வைப்பதானால்: 2000 வொட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக் பொயின்டில் தனியாகப் போடுங்கள், மல்டி பிளக்கில் வேண்டாம். சீலை, சோபா எதுவும் 3 அடிக்குள் இருக்கக் கூடாது. கரிச்சட்டியைக் கதவடைத்த ஹாலுக்குள் வைத்துக் குளிர்காய்வது உயிரைக் குடிக்கும். கரி எரியும்போது கிளம்பும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தரைவிரிப்பு

சிவப்புச் சீமெந்துத் தரையும் டைல்ஸும் காலை உறையவைப்பவை. இங்கே பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தரையில் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறார்கள், அதனால் சோபாவை விட விரிப்புக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவதில் தப்பில்லை. சின்னஞ்சிறு விரிப்பை நடுவில் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. செட்டி, கதிரைகளின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்க வேண்டும். அதற்கு 5 அடிக்கு 8 அடியாவது வேண்டும். அந்த விளிம்புதான் ஹாலுக்கும் சாப்பாட்டுப் பகுதிக்கும் உள்ள எல்லை. சுவர் இல்லாத வீட்டில் கண் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

தும்பு விரிப்பு மலிவு, ஆனால் ஈரத் தரையில் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் சோதனையில் தரை உலர்ந்தது என்று தெரிந்தால் மட்டும் கீழே மெல்லிய ஃபோம் போடலாம், இல்லையென்றால் ஈரத்தை அது பூட்டிவைக்கும். கைக்கு அடக்கமான வழி ஒன்று: கீழே பன் பாய் இரண்டை அடுத்தடுத்து விரித்து, மேலே தடித்த பருத்தி விரிப்பு. இரண்டையும் வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் போடலாம். கனத்த கம்பளத்தை யார் தூக்குவார்? டைல்ஸில் வழுக்காமல் இருக்க ரப்பர் வலையை அடியில் வையுங்கள். கண்டிப் பக்கம் நெய்யும் தும்பறைப் பாயைத் தரையில் போட்டு மிதிப்பது வீண். சுவரில் தொங்கவிடவும் மேசை விரிப்பாகவும்தான் அது அழகு.

வெளிச்சம்

நடுவில் ஒரு வெள்ளை டியூப் எரிந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். ஹாலுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் சாயல் எல்இடி வாங்குங்கள், பெட்டியில் வோர்ம் வைட் என்று இருக்கும். குசினிக்கு 4000 கெல்வின் வைத்தால் மீனில் செதில் தெரியும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும். இரவில் குசினியை அணைத்துவிட்டால் கழுவாத பாத்திரங்கள் இருட்டில் மறைந்து ஹால் மட்டும் தனி அறையாகிவிடும். இடைச்சுவர் இல்லாத வீட்டில் காசில்லாத இடைச்சுவர் இதுதான்.

ஒரு பெரிய விளக்குக்குப் பதில் மூன்று சிறியவை: மூலையில் 9 வொட் நிற்கும் விளக்கு, செட்டிப் பக்கம் 5 வொட் மேசை விளக்கு, சாப்பாட்டு மேசைக்கு மேலே 30 அங்குல உயரத்தில் ஒரு தொங்கு விளக்கு. வாங்க முன் ஹோல்டர் பின் வகையா மரை வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் கடையில் கலந்தே கிடக்கும்.

சாமான்

செட்டியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். அதன் முதுகு குசினிப் பக்கம் இருக்கட்டும். பின்னால் 12 அங்குல அகலம், 30 அங்குல உயரத்தில் ஒரு நீள மேசை வைத்தால் பிரிப்பும் ஆச்சு, சாமான் வைக்க இடமும் ஆச்சு. அலுமாரி வைத்துப் பிரிப்பதானால் நாலடிக்கு மேல் உயரம் வேண்டாம், பின்பலகையும் வேண்டாம். வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ஆளுயர ஷோகேஸை நடுவில் நிறுத்தினால் திறந்த ஹாலின் பயன் முழுவதும் போய்விடும். சுவரோரம் வைப்பவற்றுக்கும் இரண்டு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள்.

மரம் என்று பார்த்தால் மலையில் கிராண்டிஸ், டர்பன்டைன் மரங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. இரண்டுமே பச்சையாக அறுத்துச் செய்தால் முறுக்கும், வெடிக்கும். தச்சு பாஸிடம் மரம் எவ்வளவு காலம் அடுக்கிக் காயவைத்தது என்று கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள். எம்டிஎஃப், சிப்போர்ட் சாமான்களின் கால் ஈரத்தில் உப்பிப் பிளக்கும், அவற்றை இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் கால்களின் மேல் நிறுத்துங்கள். பிரம்புக் கதிரை தேடுவோர் கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் இறங்கிப் பார்க்கலாம். பிடுங்கிய பழைய தேயிலை மரத்தின் அடிக்கட்டை டீப்பாய்க்கு நல்ல கால். பட்டை உரித்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, பூச்சி மருந்து தடவி, மேலே 10 மில்லிமீற்றர் கண்ணாடி. அவசரப்பட்டால் ஓராண்டுக்குள் வண்டு தூள் கொட்டும்.

சோபாவில் ரெக்சின் வேண்டாம். குளிர்காலத்தில் உட்கார முடியாது, சில வருஷத்தில் உரியும். கழற்றித் துவைக்கும் உறையுள்ள துணிச் செட்டியே திறந்த குசினிக்கு ஏற்றது. வயதானவர்கள் இருந்தால் ஆசன உயரம் 18 அங்குலம் பாருங்கள். தாழ்ந்த சோபாவில் இருந்து எழும்ப அவர்கள் படும் பாடு தெரிந்ததே. செட்டிக்கும் டீப்பாய்க்கும் 16 அங்குல இடைவெளி, 43 அங்குல டிவிக்கு 5 முதல் 7 அடித் தூரம். ஜன்னலுக்கு எதிரே டிவி வைத்தால் பகலில் ஜன்னல்தான் தெரியும். இடிமழைக் காலத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது வீட்டில் யாராவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

படங்களின் நடுப்பகுதி தரையில் இருந்து 57 அங்குலம் அளவில். இடமில்லாமல் செட்டியைச் சுவரோரம் போட்டு அதற்கு மேலே மாட்டுவதென்றால், அதன் முதுகில் இருந்து 8 அங்குலத்துக்குள். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும், தாத்தா பாட்டியின் படத்தில் பூஞ்சணம் ஏறாது. சாமித் தட்டு ஹாலிலேயே இருக்கும் வீடுகளில் விளக்குக்குப் பின்னால் ஒரு டைல் பதித்துவிடுங்கள், கரி துடைக்க முடியும். திரைச்சீலை அதற்கு 3 அடி தள்ளியே இருக்க வேண்டும்.

பழைய பிரம்புக் கொழுந்துக்கூடை எங்காவது கிடைத்தால் போர்வைகளைச் சுருட்டி வைக்க அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. பூச்சாடிகள் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அவையும் ஈரம் விடுபவைதான்.